பெயர் ஒன்றே, "அரசு பத்திரம்". கடன் வாங்குவது யார் யார்?

#1 கொள்ளிடக்கரை

வணக்கம். ஓய்வு பெறும் ஒருவர் பத்து லட்சத்தை "அரசாங்கத்திடமே போட்டுவிடலாம்" என்று கிளம்பினால் முன்னால் வந்து நிற்பவை நாலு: மத்திய அரசின் பத்தாண்டுப் பத்திரம், தமிழ்நாடு அரசின் எஸ்டிஎல் (மாநில அரசு விற்கும் கடன் பத்திரம்), மிதவை வட்டி சேமிப்புப் பத்திரம், மாநில அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனங்களின் டெபாசிட். நாலையும் "கவர்ன்மென்ட்தானே" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். பணம் திரும்பி வருவதற்கு யார் பொறுப்பு என்று பார்த்தால் நாலும் ஒன்றா?

இன்னொரு சந்தேகம். தனிநபர்கள் நேரடியாக அரசு பத்திரம் வாங்கும் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் பத்தாயிரம் ரூபாய் முகமதிப்புள்ள 7.10% 2034 பத்திரத்துக்கு 10,492 ரூபாய் காட்டுகிறது. கமிஷன் கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அந்த 492 எதற்கு?

#2 பற்றுவரவு

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், சுலபம்.

அந்தப் பத்திரத்தின் வட்டி நாள்கள் ஏப்ரல் 8, அக்டோபர் 8. பத்தாயிரத்துக்கு ஆண்டு வட்டி 710, அரையாண்டுக்கு 355. ஜூன் 20 அன்று பத்திரம் உங்கள் பெயருக்கு மாறுகிறது என்று வையுங்கள். ஏப்ரல் 8 முதல் அன்றுவரை அதை வைத்திருந்தவருக்கு அந்த நாள்களின் வட்டி சேர வேண்டும். ஆனால் அக்டோபர் 8 அன்று முழு 355-உம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதனால் அவருடைய பங்கை வாங்கும்போதே எண்ணி வைத்துவிடுகிறீர்கள்.

நாள் கணக்கில்தான் பலர் தடுமாறுவது. அரசு பத்திரத்துக்கு மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள். காலண்டரைப் பார்த்து எண்ணக்கூடாது. ஏப்ரல் 8 முதல் ஜூன் 8 வரை 60, மேலும் 12, ஆக 72 நாள். 710 × 72 ÷ 360 = 142 ரூபாய். சந்தை விலை நூறுக்கு 103.50 என்றால் 10,350. கூட்டினால் 10,492.

ஆக 142 ரூபாய் அக்டோபரில் திரும்பி வந்துவிடும். மற்ற 350 வராது. 2034-இல் பத்தாயிரம்தான் கிடைக்கும்.

#3 மணிமுத்தாறு

அப்படியென்றால் 350 நட்டம்தானே? அதற்கு நூறு ரூபாய் விலையில் இருக்கும் பத்திரத்தை வாங்கிவிட்டுப் போகலாமே?

#4 பற்றுவரவு

நட்டமில்லை. சந்தையில் இப்போதைய வட்டியைவிட இந்தப் பத்திரத்தின் கூப்பன் (பத்திரத்தில் எழுதியுள்ள வட்டி) அதிகம், அதற்கான விலைதான் அந்த 350. நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பத்திரத்தின் கூப்பன் குறைவாகத்தான் இருக்கும். 103.50-க்கு வாங்கி 2034 ஏப்ரல் வரை ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வைத்திருந்தால் ஆண்டுக்குக் கைக்கு வரும் ஈல்ட் (கொடுத்த விலைக்குக் கிடைக்கும் நிஜ வருமான விகிதம்) 7.10 அல்ல, 6.6-ஐ ஒட்டி வரும். தளத்தில் பத்திரத்தின் பெயரில் இருக்கும் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே ஈல்ட் என்று இன்னொரு எண் இருக்கும். எஃப்டியோடு ஒப்பிட வேண்டியது அதை.

அதையும் நேராக ஒப்பிட முடியாது என்பது வேறு விஷயம். வங்கி எஃப்டி காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி கொடுக்கும். பத்திரம் அரையாண்டுக்கு ஒருமுறை கையில் பணமாகத் தந்துவிடும், அதை மறுமுதலீடு செய்வது உங்கள் பாடு.

#5 ஏலச்சீட்டு

பழைய பத்திரத்தை இன்னொருவரிடம் வாங்கும் வழி அது. ஏலத்தில் வாங்குவதுதான் சிறு முதலீட்டாளருக்கு எளிது என்பது என் கட்சி.

வாரத்தில் வழக்கமாக மூன்று ஏலம். செவ்வாய் மாநிலங்கள், புதன் மத்திய அரசின் குறுகியகாலக் கடன் பத்திரமான டி-பில் (91, 182, 364 நாள்), வெள்ளி மத்திய அரசின் நீண்டகாலப் பத்திரங்கள். விடுமுறை வந்தால் மாறும். மூன்றுமே மறுவேலைநாளில் செட்டில் ஆகும். மத்திய அரசு அரையாண்டுக்கான கடன் அட்டவணையை முன்கூட்டியே போட்டுவிடும். மாநிலங்களுடையது காலாண்டுக்கு ஒருமுறை வரும், அதில் உள்ள தொகைகள் உத்தேசம்தான்.

நாம் போடுவது போட்டியற்ற ஏலக்கேள்வி. விலை சொல்ல வேண்டாம், முகமதிப்பு மட்டும் சொன்னால் போதும். குறைந்தது பத்தாயிரம், அதன் மடங்குகள். மத்திய அரசுப் பத்திரத்தில் ஒரு ஏலத்தில் ஒருவருக்கு 2 கோடி வரை. நமக்கென்று ஒதுக்குவது மத்திய அரசு ஏலத்தில் அறிவித்த தொகையில் 5 சதவீதம், மாநில ஏலத்தில் 10 சதவீதம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக் கேட்டு வென்ற விலைகளின் எடையிட்ட சராசரி எதுவோ அதுவே நம் விலை. பெரிய கைகள் மல்லுக்கட்டிய விலையில் நாம் நுழைந்துவிடுகிறோம்.

பணம் போகும் வழியில் எங்கெங்கே சிக்கும் என்று சொல்கிறேன்:

ஏல விலை முன்பே தெரியாது. அதனால் உத்தேச விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டி வசூலித்துக்கொள்வார்கள். ஏலம் முடிந்ததும் மீதி திரும்பும். "கூடுதலாக எடுத்துவிட்டார்கள்" என்ற புலம்பலில் பாதி இந்த மீதி வருவதற்குள் எழுதப்பட்டது.

யுபிஐ வழியாக 5 லட்சம் வரைதான் போகும். அதற்கு மேல் என்றால் நெட்பேங்கிங். அதற்கு உங்கள் வங்கி கட்டணம் பிடித்தால் அது உங்கள் தலையில்.

பதிவு செய்த வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பான் அட்டைப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கணக்குத் திறக்கும்போதே நின்றுவிடும். தமிழ்ப் பெயர்களில் இது தினசரி நடப்பது. ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாம் இடத்தில் அப்பா பெயர் முழுதாக. பான் எப்படியோ அப்படியே வங்கியிலும் மாற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள், மூன்று வாரம் மிச்சம்.

ஒதுக்கிய தொகையைவிடச் சிறு முதலீட்டாளர்கள் கேட்டது அதிகமானால் விகிதப்படி வெட்டிக் கொடுப்பார்கள். முழுதும் கிடைத்துவிடும் என்று நம்பி வேறு செலவுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

டி-பில்லில் தனியாக வட்டி வராது, தள்ளுபடி விலையில் வாங்கி முழு விலையில் முதிர்வது. 91 நாள் பில் 98.35-க்குக் கிடைத்தால் பத்தாயிரத்துக்குக் கட்டுவது 9,835, வருவது 10,000. 1.65 ÷ 98.35 × 365 ÷ 91, ஆண்டுக்கு 6.73 சதவீதம். கவனியுங்கள், இங்கே 365. மேலே பற்றுவரவு சொன்ன 360 இங்கே செல்லாது.

#6 மணிமுத்தாறு

வங்கிகள் ஏலத்துக்கே வராவிட்டால்? அல்லது அரசு கேட்ட வட்டிக்கு யாரும் இறங்காவிட்டால்?

#7 ஏலச்சீட்டு

அதற்குத்தான் பிரைமரி டீலர்கள் (ரிசர்வ் வங்கி அங்கீகரித்த அரசு பத்திர வணிகர்கள்). ஒவ்வொரு மத்திய அரசு ஏலத்துக்கும் முன்னால், விற்காத பங்கை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பார்கள். வந்த கேள்விகள் ரிசர்வ் வங்கிக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்-ஆஃப் எனும் கடைசி ஏற்பு விலையைத் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை அவர்கள் தலையில் இறக்கும். டிவால்வ்மென்ட் என்று வணிகச் செய்தியில் வருவது இதுதான். சில நேரம் ஏலத்தையே ரத்து செய்துவிடுவதும் உண்டு. அப்போது நம் பணம் முழுதும் திரும்பும்.

ரிசர்வ் வங்கியே வாங்கிக்கொள்ளலாமே என்றால், நிதிப் பொறுப்புச் சட்டப்படி 2006 ஏப்ரல் 1 முதல் ஏலத்தில் அது நேரடியாக வாங்க முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு. அதற்கு முன்பு, 1997 வரை, அட்ஹாக் டி-பில் என்று ஒன்று இருந்தது. அரசின் கணக்கில் இருப்பு குறைந்தால் தானாகவே பில் உருவாகி ரிசர்வ் வங்கி பணம் போட்டுவிடும். அந்தக் குழாயை அடைத்த பிறகுதான் இந்தியாவில் ஏலம் என்பதே நிஜமான ஏலம் ஆனது.

#8 சேப்பாக்கம் கோப்பு

கொள்ளிடக்கரை சார் கேட்ட முதல் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். யார் பொறுப்பு?

மத்திய அரசுப் பத்திரம்: கடன் வாங்குவது இந்திய அரசு. வேறு பேச்சில்லை. கணக்கு வைப்பது ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகம்.

எஸ்டிஎல் (இப்போது ஏல அறிவிப்புகளில் எஸ்ஜிஎஸ் என்று போடுகிறார்கள்): கடன் வாங்குவது அந்தந்த மாநில அரசு. மத்திய அரசின் உத்தரவாதம் கிடையாது. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விற்பவர்கள் "சவரின் கேரண்டி" (அரசின் உத்தரவாதம்) என்று சொல்லும்போது எந்தச் சவரின் என்று கேளுங்கள். ஆனால் வெறும் நம்பிக்கையில் நிற்கும் காகிதமும் அல்ல இது. மாநிலத்தின் வங்கியாளர் ரிசர்வ் வங்கி. வட்டி நாளன்று மாநிலத்தின் கணக்கில் அதுவே பற்று வைத்துப் பத்திரதாரர்களுக்கு அனுப்பிவிடும். கோட்டையில் யாரும் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கணக்கில் இருப்பு போதாவிட்டால் ரிசர்வ் வங்கி தரும் குறுகியகாலக் கடனான வழிவகை முன்பணம், அதையும் தாண்டினால் ஓவர்டிராஃப்ட். ஓவர்டிராஃப்டில் தொடர்ந்து 14 வேலைநாளுக்கு மேல் நிற்க முடியாது. நின்றால் மாநிலத்தின் பணப்பட்டுவாடாவையே நிறுத்திவைக்கும் விதி இருக்கிறது. எனவே சம்பளமும் ஒப்பந்தக்காரர் பில்லும் தாமதமாகும், பத்திர வட்டி தாமதமாகாது.

மாநிலம் நினைத்தபடி கடன் வாங்கவும் முடியாது. மத்திய அரசுக்குத் திருப்ப வேண்டிய கடன் பாக்கி இருக்கும்வரை, அரசியலமைப்பின் 293(3) பிரிவின்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். மின்வாரிய நட்டம், பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கிய கடன் என்று ஒவ்வொரு ஆண்டும் மாநிலங்களுக்கும் டெல்லிக்கும் இழுபறி நடப்பது இந்த ஒப்புதலை வைத்துத்தான்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. செவ்வாய்க்கிழமை ஏல முடிவைத் திறந்து பாருங்கள். நிதிநிலை சீரான மாநிலமும் தள்ளாடும் மாநிலமும் ஒரே தவணைக்குக் கொடுக்கும் வட்டியில் சில பைசாதான் வித்தியாசம் இருக்கும். எல்லாப் பத்திரத்துக்கும் பின்னால் ரிசர்வ் வங்கியின் அந்தத் தானியங்கிப் பற்று இருக்கிறது என்பதால் மாநிலத்தின் வரவு செலவைச் சந்தை கண்டுகொள்வதே இல்லை. முதலீட்டாளருக்கு நல்லது. ஒழுங்காகக் கணக்கு வைக்கும் மாநிலத்துக்கு அநியாயம்.

#9 கொள்ளிடக்கரை

நாலாவது? மாநில நிதி நிறுவன டெபாசிட்?

#10 சேப்பாக்கம் கோப்பு

அங்கேதான் கதை மாறுகிறது. தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸ், போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் இரண்டையும்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டும் அரசுக்குச் சொந்தமான வங்கிசாரா நிதி நிறுவனங்கள். முன்னது திரட்டும் பணம் மின் நிறுவனங்களுக்கும், பின்னது போக்குவரத்துக் கழகங்களுக்கும் கடனாகப் போகிறது. நீங்கள் கடன் கொடுப்பது அந்தக் கம்பெனிக்கு. பங்கு முழுதும் அரசிடம் இருப்பதால் கம்பெனியின் கடன் அரசின் கடனாகிவிடாது. ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று இங்கே இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் வைப்புக் காப்பீடும் வங்கிசாரா நிறுவனத்துக்குக் கிடையாது.

இன்னொரு தகவல்: அரசு நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகளில் நெடுநாள் நிறைய விலக்கு இருந்தது. 2018 மே மாத உத்தரவுக்குப் பிறகுதான் மூலதன அளவு, வாராக்கடன் ஒதுக்கீடு போன்றவை படிப்படியாக இவற்றுக்கும் வந்தன.

போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒன்றரை, இரண்டு சதவீதம் கூடுதல் என்று தெரிந்தால் அது எதற்கான கூலி என்று புரிந்து போடுங்கள்.

#11 பற்றுவரவு

ஐந்தாவதாக ஒன்றை விட்டுவிட்டீர்கள், சேப்பாக்கம் சார். பொதுத்துறை நிறுவனம் வெளியிட்டு மாநில அரசு உத்தரவாதம் கொடுத்த பாண்டு. ஆன்லைன் பாண்டு தளங்களில் இப்போது அதிகம் கூவி விற்பது இதைத்தான். எஸ்டிஎல்லைவிட வட்டி கணிசமாக அதிகம்.

வாங்கும் முன் ஆவணத்தில் பார்க்க வேண்டியது உத்தரவாதம் இருக்கிறதா என்பதை மட்டுமல்ல. அது என்றைக்கு, யார் கேட்டால் உயிர்பெறும் என்பதை. வட்டி நாளுக்கு எத்தனை நாள் முன்பு தனிக் கணக்கில் பணம் சேர வேண்டும், சேராவிட்டால் டிரஸ்டி (பத்திரதாரர்கள் சார்பில் கவனிப்பவர்) யாருக்கு, எத்தனை நாளில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், எத்தனை மாத வட்டி கையிருப்புக் கணக்கில் கிடக்கிறது: இந்த மூன்றும் அந்த ஆவணத்தில் இருக்கும். "உத்தரவாதம்" என்ற சொல் மட்டும் இருந்து இந்த நாள்கணக்கு இல்லையென்றால், பணம் கடைசியில் வரலாம். எப்போது என்று கேட்க முடியாது.

#12 வடமராட்சியான்

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு குறிப்பு. சொந்தக் காசை அச்சடிக்கிற அரசாங்கம் தன்ர உள்நாட்டுக் கடனில கை வைக்காது என்று இஞ்சையும் எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தவை. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிப்பாட்டினது எல்லாருக்கும் தெரியும். 2023 நடுப்பகுதியில உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளின்ர திறைசேரி முறிகளை (அரசு பத்திரங்களை) விட்டுவிட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்களிட்ட இருந்த முறிகளைத்தான் புது முறிகளுக்கு மாத்தச் சொன்னது: 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம், முதிர்வு 2038 வரைக்கும் இழுபட்டது. மாத்தாட்டி நிதியத்தின்ர வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலா 30 வீத வரி. போட்ட முதலில ஒரு சதமும் வெட்டுப்படேல்லை. ஆனா வட்டியும் காலமும் மாறினது.

இந்தியாவோட ஒப்பிடச் சொல்லேல்லை. "நடக்கவே நடக்காது" என்ற சொல்லை மட்டும் விடுங்கோ.

#13 ஏலச்சீட்டு

நல்ல குறிப்பு, நன்றி. அங்கேயும் பட்டது காலம் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் சிறு முதலீட்டாளரை நிஜமாகக் கடிப்பதும் காலம்தான், வேறு விதத்தில்.

ஏழு சதவீதக் கூப்பனுள்ள பத்தாண்டுப் பத்திரத்தை நூறு ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். சந்தை வட்டி எட்டுக்கு ஏறினால் அதன் விலை 93.20. அதே கூப்பனில் முப்பதாண்டுப் பத்திரம் என்றால் 88.69. முதிர்வுவரை வைத்திருந்தால் இது வெறும் காகித நட்டம். நடுவில் மருத்துவமனைச் செலவு வந்து விற்க வேண்டியிருந்தால் நிஜ நட்டம். 2023 நவம்பரில் ஐம்பதாண்டுப் பத்திரமே வந்துவிட்டது, 2073-இல் முதிர்வது. ஈல்ட் கொஞ்சம் கூடுதல் என்று அறுபது வயதுக்காரருக்கு அதைப் பரிந்துரைப்பவர்களை என்ன சொல்ல.

விற்பதும் பங்கு விற்பது போல் இல்லை. இந்தச் சந்தையின் இயல்பான அளவு ஒரு பேரத்துக்கு 5 கோடி. உங்கள் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் எல்லாம் ஆட் லாட் (உதிரி அளவு) என்று தனிச் சாளரத்தில் நிற்கும். அங்கே கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவே நூறுக்கு ஒரு ரூபாய்கூட இடைவெளி விழும். அதிகம் புழங்கும் பத்தாண்டுப் பத்திரத்தில் பரவாயில்லை. ஏதோ ஒரு மாநிலத்தின் பழைய எஸ்டிஎல் என்றால் நாள்கணக்கில் வாங்க ஆளே வராது. எஸ்டிஎல் மத்தியப் பத்திரத்தைவிடக் கால், அரை சதவீதம் கூடக் கொடுப்பதில் ஒரு பங்கு இந்த அலைச்சலுக்கான விலை.

#14 மணிமுத்தாறு

மிதவை வட்டி சேமிப்புப் பத்திரத்தில் இந்த விலை ஏற்ற இறக்கமே இல்லையே? அதையே போட்டுவிட்டால் என்ன?

#15 பற்றுவரவு

விலை ஏறி இறங்காது, காரணம் விற்கவே முடியாது. ஏழு ஆண்டு. கைமாற்ற முடியாது, அடமானம் வைத்துக் கடனும் வாங்க முடியாது. ஆயிரம் ரூபாயில் தொடங்கலாம், உச்சவரம்பு இல்லை. வட்டி என்எஸ்சி (தேசிய சேமிப்புச் சான்றிதழ்) விகிதத்துக்கு மேல் 0.35 சதவீதம். என்எஸ்சி 7.7 என்றால் இது 8.05. ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் வட்டி வரும், அன்றே அடுத்த அரையாண்டுக்கான விகிதம் மாறலாம். சேர்த்து வைத்துக் கடைசியில் வாங்கும் வசதி கிடையாது.

முன்கூட்டி எடுப்பது 60 வயது தாண்டியவர்களுக்கு மட்டும்: 60 முதல் 70 வயதுவரை 6 ஆண்டுக்குப் பின், 70 முதல் 80 வரை 5 ஆண்டுக்குப் பின், 80-க்கு மேல் 4 ஆண்டுக்குப் பின். கடைசி ஆறு மாத வட்டியில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள்.

வரியிலும் ஒரு வேறுபாடு. 2024 அக்டோபர் 1 முதல் இந்தச் சேமிப்புப் பத்திர வட்டி ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ். ஏலத்தில் வாங்கும் சாதாரண மத்திய, மாநிலப் பத்திர வட்டிக்கு உள்நாட்டில் வசிப்பவருக்கு டிடிஎஸ் பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக வரி இல்லை என்று அர்த்தமில்லை, உங்கள் வரி அடுக்கின்படி நீங்களே காட்டிக் கட்ட வேண்டும். முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட மறந்து மார்ச்சில் வட்டியோடு கட்டுவது இதில் வாடிக்கை.

#16 கொள்ளிடக்கரை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக இரண்டு சின்னக் கேள்வி. வட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால்? கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால்?

#17 சேப்பாக்கம் கோப்பு

வட்டி நாள் விடுமுறை என்றால் அடுத்த வேலைநாளில் வரும், தாமதித்த நாளுக்குக் கூடுதல் வட்டி இல்லை. முதிர்வு நாள் விடுமுறை என்றால் நேர்மாறு, முந்தைய வேலைநாளிலேயே முதல் வந்துவிடும்.

ரீடெய்ல் டைரக்ட் கணக்கில் இரண்டு பேர்வரை நாமினி போடலாம். கணக்குத் திறக்கும்போதே போட்டுவிடுங்கள். இறப்புச் சான்றிதழும் மாற்று விண்ணப்பமும் கொடுத்தால் பத்திரம் நாமினியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்குக்கோ டீமேட்டுக்கோ போகும். பணமாக்கிக் கொடுக்க மாட்டார்கள், பத்திரமாகவேதான் மாறும். அதனால் நாமினிக்கும் ஒரு கணக்கு இருந்தால் வேலை பாதி. இன்னொன்று, வட்டி போய்ச் சேரும் வங்கிக் கணக்கைக் குடும்பத்தார் அவசரப்பட்டு முதலில் மூடிவிடுவார்கள். அடுத்த வட்டி போக இடமில்லாமல் திரும்பிவிடும். பத்திரம் மாறிய பிறகு மூடச் சொல்லி வையுங்கள்.